உன் நாற்பது நிமிடமும் என் ஆறு மணி நேரமும்

ஐயா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து முன்னறையில் நீ விடுகிற குறட்டை அடுப்படி வரைக்கும் கேட்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே, அம்மாவுக்கு நெஞ்சோடு சேர்ந்து மூளையும் கெட்டுவிட்டதா என்று நீ நினைக்கலாம். வாயால் சொல்ல மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டேன். நான் வாயைத் திறந்தாலே "சரிம்மா, மொதல்ல மாத்திரைய போடுங்க" என்று தண்ணீரை நீட்டுகிறாய். தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குத் தைரியம் போய்விடுகிறது. அதனால்தான் உன் பழைய நோட்டுப் புத்தகத்தில் இரண்டு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நீ அடுப்படி ஜன்னலோரம் நின்று போனில் உன் சூப்பர்வைசரிடம் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, நீதான் கத்திப் பேசினாய். "வேணாம் அண்ணே, ஜப்பானுக்கு வேற ஆளப் போடுங்க. எங்கம்மா ஹார்ட்டு இப்படி ஆனதே என்னாலதான் லா. நாப்பது நிமிசம் போனப் பாக்கவே இல்ல." அந்த மனிதர் நல்லவர் போலிருக்கிறது, வெள்ளிக்கிழமை வரை யோசி என்று சொல்லியிருக்கிறார். இரண்டு வருடப் பயிற்சி, உன் பிரிவில் உன் ஒருவனுக்குத்தான் கிடைத்தது. அதை நீ என் பெயரைச் சொல்லி உதறப் போகிறாய். இன்றைக்குப் புதன்கிழமை.

அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நான் தெரிந்துகொண்டதை உனக்குச் சொல்ல வேண்டும். எதைக் கெடுத்துவிட்டோம் என்று நீ இரண்டு மாதமாக மருகுகிறாயோ, அது என்னவென்றே உனக்குச் சரியாகத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது உங்கப்பா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் படுத்திருந்தார். நீ அவர் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு, "ம்மா, உள்ள யாரு தட்டறது?" என்று கேட்டாய். சாமி என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். நீ விடவில்லை, சாமியைத் தட்டச் சொன்னது யார் என்று கேட்டாய். போய் விளையாடு என்று விரட்டிவிட்டேன். பதில் தெரியாதபோதெல்லாம் நான் செய்வது அதுதான், நீயும் பார்த்திருக்கிறாய். இப்போது பதில் தெரியும். இதயத்தின் மேற்பகுதியில், வலது பக்கம், ஒரு துளி சதை இருக்கிறது. சுங்கை புரோங் வயலில் விளைகிற நெல்மணி இரண்டை நீளவாக்கில் ஒட்டி வைத்தால் அவ்வளவுதான் இருக்குமாம். அதுதான் தட்டுகிறது. நான் இத்தனை வருடம் மூளை சொல்லித்தான் இதயம் துடிக்கிறது என்று நினைத்திருந்தேன். மூளை வேகமாக என்றோ மெதுவாக என்றோ சொல்லலாமே தவிர, தட்டு என்று சொல்லத் தேவையே இல்லையாம். யாரும் சொல்லாமல் அதுவே மின்சாரத்தை உண்டாக்கி அதுவே விடுகிறது. நம்பவே முடியவில்லை எனக்கு. ஒரு சர்க்கிட்டில் மின்சாரம் வெளியிலிருந்துதானே வரவேண்டும்? டாக்டரிடம் இதைக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார்.

எந்த டாக்டர் என்று உனக்குத் தெரியும், கண்ணாடி போட்ட அந்தச் சின்னப் பெண். அவள் அப்பாவும் நம்மைப் போல எஸ்டேட் தோட்டத்துக்காரர்தானாம். காலையில் எல்லோரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக என் கட்டிலுக்கு வருவாள். கடைசியில் வந்தால்தான் என் கேள்விகளுக்கு நேரம் இருக்கும் என்று அவளே சொன்னாள். அந்த நெல்மணிக்கும் ரத்தம் போகவேண்டும் இல்லையா? பெரும்பாலான ஆட்களுக்கு வலது பக்கத்து ரத்தக்குழாயிலிருந்துதான் அதற்குக் கிளை போகிறது. எனக்கு அடைத்ததும் அதே குழாய். கீழ்ப்பக்கத்துச் சதைக்கும் ரத்தம் நின்றது, மேலே தட்டுகிறதற்கும் நின்றது. அது சும்மா இருந்துவிட்டது. அப்படியென்றால் நான் செத்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். "பெரிய மண்டோர் பெரட்டுக்கு வரலன்னா சின்ன மண்டோர் பேர் கூப்புடுவாரு இல்லம்மா? வேல நடக்கும், ஆனா ஜவ்வா இழுக்கும். அந்த மாதிரி நடுவுல இன்னொரு எடம் இருக்கு. அது மெதுவாத் தட்டும்," என்றாள். தோட்டத்தில் காலையில் மண்டோர் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுகிற பெரட்டை நானும் சின்ன வயதில் பார்த்தவள், எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நிமிடத்துக்கு எழுபது தட்ட வேண்டியது எனக்கு முப்பத்தெட்டு தட்டியதற்கு அதுதான் காரணம். அடி வாங்கின கீழ்ப்பக்கத்திலிருந்து மெதுவாகப் போ என்று ஒரு நரம்பும் சேர்ந்துகொண்டு இழுக்குமாம்.

குழாயில் அடைப்பை எடுத்து வலைக்கம்பி வைத்த பிறகும் மேலே இருப்பது எழுந்திருக்கவில்லை. அதனால்தான் கழுத்து வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயத்துக்குள் விட்டு, வெளியே ஒரு பெட்டியை மாட்டி வைத்தார்கள். நீ அந்தப் பெட்டியைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போய்த் திரும்பிக்கொண்டாய். எனக்கோ அதிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் ரவாங் பக்கத்துத் தொழிற்சாலையில் லென்ஸுக்கு அடியில் சர்க்கிட் போர்டு சோதித்தவள் நான். கம்பெனி பஸ்ஸில் காலை ஐந்தே காலுக்கு ஏறி, ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று ஆயிரக்கணக்கில் பார்த்த கண் இது. பெட்டியில் ஒரு சின்ன விளக்கு. அது என் நெஞ்சைத் தட்டும்போதெல்லாம் கண் சிமிட்டும். தலைமாட்டில் இருந்த திரையிலோ ஒவ்வொரு துடிப்புக்கு முன்னாலும் ஊசி மாதிரி ஒரு கோடு விழும். அந்த ஊசி வந்தால் பெட்டியின் வேலை. என் இதயமே சொந்தமாகத் தட்டினால் ஊசி இருக்காது, துடிப்பைக் காட்டுகிற பெரிய முள்ளுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு வரும். அந்தச் சின்ன மேடுதான் நெல்மணியின் கையெழுத்து. இது தெரிந்த பிறகு எனக்கு ஆஸ்பத்திரியில் பொழுது போகவில்லை என்ற குறையே இல்லை.

தினமும் காலையில் அவள் பெட்டியின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பாள், அடியில் என்னுடையது ஏதாவது எழுந்திருக்கிறதா என்று. முதல் நாள் குறைத்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் முள் வந்தது, மேடு வரவில்லை. நிரந்தரமாக ஒரு பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்குமோ என்று உன்னிடம் சொன்னார்களே, அது அப்போதுதான். நீ வெளியே போய் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். "அது செத்துப் போச்சா, தூங்குதா?" என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: "மயக்கம்னுதான் நெனைக்கறோம். அது பாரம் தூக்கற சத இல்லம்மா. கம்மியான ரத்தத்துலயும் கொஞ்ச நேரம் தாக்குப்புடிக்கும். இந்த மாதிரி அட்டாக்ல பாதிக்கு மேல அதுவா எழுந்திரிச்சிரும். அதான் அவசரப்பட்டு மிஷின் வைக்காம காத்திருக்கோம்." ஐந்தாம் நாள் காலை அவள் பெட்டியை ஐம்பதுக்குக் குறைத்தபோது அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். ஊசி இல்லை, சின்ன மேடு. அதற்குப் பிறகு ஒரு ஊசி, மறுபடியும் மேடு, மேடு, மேடு. "டாக்டர், வந்துருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் சீனத்தியம்மா பயந்தே போனாள். "நீங்க என்னவிட நல்லா மானிட்டர் பாக்கறீங்க லா," என்றாள் டாக்டர். எனக்கு அழுகை வந்தது. நெல்மணி அளவு இருப்பது, யாரும் கூப்பிடாமல், தானாக எழுந்து வேலைக்கு வந்துவிட்டது என்று நினைத்து அழுதேன்.

இனிமேல்தான் எழுதச் சிரமமான இடம். முதல் நாள் ஆஸ்பத்திரியில் வலி எப்போது வந்தது என்று கேட்டார்கள். பதினொரு மணி என்று சொன்னேன். அப்போது நீ வந்து சேர்ந்திருக்கவில்லை, பிறகு தாளில் எழுதியிருந்ததை நீயும் படித்தாய். பதினொன்றுக்கு அம்மா கூப்பிட்டிருக்கிறாள், போன் தொழிற்சாலை லாக்கரில் இருந்தது, பதினொன்று நாற்பதுக்குத்தான் பார்த்தோம் என்று அன்றைக்குக் கணக்குப் போட ஆரம்பித்தவன் இன்றைக்கும் நிறுத்தவில்லை. ஐயா, வலி பதினொன்றுக்கு வரவில்லை. காலை ஐந்து மணிக்கு வந்தது.

அது நம் தோட்டத்துக் கோயில் தீமிதித் திருவிழாவின் எட்டாம் நாள். கையில் காப்புக் கட்டியிருந்தேன். பால் காய்ச்ச எழுந்தபோது மேல்வயிற்றில் ஆரம்பித்துத் தாடை வரைக்கும் இழுத்தது. வேர்வை ஊற்றியது. காற்றுதான் என்று ஓமத்தண்ணி குடித்தேன், குடித்ததை வாந்தி எடுத்தேன். நீ வாங்கிக் கொடுத்த பிரஷர் மிஷினைக் கையில் மாட்டிப் பார்த்தால் துடிப்பு முப்பத்தெட்டு என்று காட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பேட்டரி போய்விட்டது என்று புதுப் பேட்டரி போட்டேன். முப்பத்தேழு என்று காட்டியது. மலிவு சாமான் என்று மிஷினைத் திட்டி மூடி வைத்தேன். இருபத்திரண்டு வருடம் கருவி காட்டுவதை நம்பிச் சம்பளம் வாங்கியவள், தனக்கு என்று வந்ததும் கருவியைத்தான் குறை சொன்னேன். அந்த மிஷின் நேரத்தையும் சேர்த்துப் பதிந்து வைக்கும் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய், அலமாரியில் இருக்கிறது, எடுத்துப் பார்த்துக்கொள்.

ஏழு மணிக்கெல்லாம் இது காற்று இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. அப்போதும் நகரவில்லை. காப்புக் கட்டியவர்கள் தீமிதி முடிந்து அவிழ்க்கிறவரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம். பக்தி என்று நீ நினைத்தால் அதுவும் தப்பு. போன வருடம் லெட்சுமி சின்னம்மா மகளுக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டு, லெட்சுமி தன் காப்பை அறுத்துப் போட்டுவிட்டு மகளோடு கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள் இல்லையா? கோயில் சமையல் கொட்டகையில் அத்தனை பேருக்கு நடுவில் காய் நறுக்கிக்கொண்டே, "ஆத்தா பாத்துக்கமாட்டாளா? ரெண்டு நாளு பொறுக்க முடியல இவளுக்கு" என்று சொன்னது நான்தான். அந்தப் பேச்சு தோட்டம் முழுக்கச் சுற்றியது. மூன்று மாதம் அவளோடு யாரும் சரியாகப் பேசவில்லை, அவளும் என் வாசலை மிதிக்கவில்லை. அடுத்த வீடு, ஒரே சுவர். அவளைக் கூப்பிட்டால் அவள் மருமகனின் வேன் வரும், ஆஸ்பத்திரி போகலாம். ஆனால் அவள் எதிரில் நான் காப்பை அறுக்க வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்து ஆறு மணி நேரம் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தேன். முடியாமல் போன பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை என்றதும் எனக்கு ஒருவிதத்தில் நிம்மதிகூட வந்தது.

நீ பதினொன்று நாற்பதுக்குப் போனைப் பார்த்தாய். திருப்பி அழைத்தாய், நான் எடுக்கவில்லை. அடுத்து நீ யாரை அழைத்தாய் என்று யோசித்துப் பார். லெட்சுமி சின்னம்மாவை. எங்கள் சண்டை உனக்குத் தெரியும், தெரிந்தும் அழைத்தாய். இரண்டு நிமிடத்தில் அவள் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். "அக்கா, கைய நீட்டு." "வேணா லெட்சுமி, ரெண்டு நாளுதான்..." "பாவம் வந்தா எனக்கு வரட்டும். எனக்குப் பழக்கந்தான். நீ கைய நீட்டு." வெங்காயம் நறுக்குகிற கத்தியால் காப்பை அறுத்து, அதிலிருந்த மஞ்சளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மருமகனின் வேனில் என்னைத் தூக்கிப் போட்டாள். வழி நெடுக என் தலை அவள் மடியில் இருந்தது. ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேடு வந்த அன்றைக்கே டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா இது? மணியப் பாத்துத்தானே எந்த மருந்து, எந்த ஆஸ்பத்திரின்னே முடிவு பண்றோம்?" என்றாள். நியாயம்தான், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். என் மகனின் நாற்பது நிமிடத்தால் எவ்வளவு கெட்டது என்று கேட்டேன். நேரம் போகப் போகச் சதை கெட்டுக்கொண்டுதான் இருக்கும், நாற்பது நிமிடமும் நேரம்தான், ஆனால் கீழே தழும்பான இடம் பெரிதாக ஆனதற்கு அந்த ஆறு மணி நேரம்தான் பெரிய காரணம் என்றாள். மேலே தட்டுவது மயங்கியதற்குக் காரணம் அடைப்பு. நீ லெட்சுமியை அழைக்காமல் இருந்திருந்தால் நானாக அவளை அழைத்திருக்கவே மாட்டேன், இது டாக்டர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். நீ கெடுத்தாய் என்று நினைக்கிற நாளில்தான் என்னைப் பிழைக்க வைத்திருக்கிறாய்.

இதை ஏன் இரண்டு மாதம் சொல்லவில்லை? முதலில் வெட்கம் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் உள்ளதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது வசதியாக இருந்தது. நீ சுங்கை செம்பிலாங் கடற்கரைக்குப் போய் மீன் வாங்கிவந்து உப்பில்லாமல் குழம்பு வைத்தாய். வாயில் வைக்க விளங்காத குழம்பு, இருந்தாலும் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். மாத்திரை எடுத்துக் கொடுத்தாய், மாலையில் நடக்கக் கூட்டிப் போனாய். உன் குற்ற உணர்ச்சியின் நிழலில் நான் சுகமாக உட்கார்ந்திருந்தேன். உங்கப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த வருடம் உனக்கு ஈப்போவில் பாலிடெக்னிக் இடம் கிடைத்தது, நினைவிருக்கிறதா? நீ அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாய். நான் தடுக்கவில்லை, ஆனால் போகச் சொல்லவும் இல்லை. பேசாமல் சோறு போட்டேன். ஒரு மகனை இரண்டு தடவை பேசாமல் இருந்தே நிறுத்துவது எந்த அம்மாவும் செய்கிற காரியம் இல்லை.

பொய் சொல்லி உன்னை அனுப்பவும் விருப்பமில்லை, அதனால் இதையும் கேட்டுக்கொள். மேலே இருப்பது மறுபடியும் சோர்ந்து போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றுதான் டாக்டர் சொல்கிறாள். அடுத்த மாதம் ஒரு நாள் முழுக்க நெஞ்சில் பதிவுக் கருவி மாட்டிப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் தோளுக்குக் கீழே சின்னதாக ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார்கள், அதன் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாகக்கூட இருக்கிறது. லெட்சுமியிடம் வீட்டுச் சாவி கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது, கோயில் கொட்டகையில் நான் பேசியது தப்பு என்று சொன்னேன். "இப்பத்தான் ஒனக்கு வாய் வருது," என்றாள், ஆனால் சாவியை வாங்கிக்கொண்டாள். துடிப்பு ஐம்பதுக்குக் கீழே போனாலோ தலை சுற்றினாலோ முதலில் அவளைக் கூப்பிடுவேன், காப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

உனக்குக் கோபம் வரும். வரவேண்டும். நான் உன் தூக்கத்தை இரண்டு மாதம் கெடுத்திருக்கிறேன். கத்து, முகத்தைத் திருப்பிக்கொள், ஒரு வாரம் பேசாமல் இரு. வெள்ளிக்கிழமை மட்டும் உன் சூப்பர்வைசருக்குப் போன் பண்ணி, ஜப்பானுக்குப் போகிறேன் என்று சொல்லிவிடு. என்னை மன்னிக்க முடியாவிட்டால் மன்னிக்காமலே போ, ஐயா. ஆனால் போ.

அம்மா